வெள்ளைக் குச்சி

டிசம்பர். அத்பாஷி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே, கிர்கிஸ் மலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்,
என் விசிலுக்கும் குளிர்.

பதினெட்டு வருடமாக நடத்துவது ஒரே வகுப்பு.
வரிசையில் நில். எண் சொல். ஓடு.
பிறகு ஆடு:
நான்கு மரக்கால், தோல் முதுகு,
இன்றுவரை ஒரு வாய் புல் தின்னாத ஆடு.
தாண்டியவருக்கு ஐந்து மதிப்பெண்.
முட்டிக்கொண்டவருக்கு மூன்று.
முன்னால் வந்து, அதை முறைத்துப் பார்த்துத்
திரும்பிப் போனவருக்குச்
சுவரோரம் நீளப் பெஞ்சு.

பெஞ்சில் ஒன்பது பேர்.
என் இழுப்பறையில் ஒன்பது கடிதம்.
எல்ஸாதாவுக்கு மூச்சிரைப்பு. அது உண்மை.
சிய்மிக்குக்கு இடது கால் குட்டை. அதற்குக் கடிதமே வேண்டாம்.
பெர்மெத்துக்கு மாதத்தில் நான்கு முறை வயிற்றுவலி.
உலான் கொடுத்ததில் டாக்டரின் கையெழுத்து
உலானின் கையெழுத்தைப் போலவே இருந்தது.
போலவே என்ன, அதுவேதான்.
தெரியும். கேட்டதில்லை.
பெஞ்சில் இருப்பவன் விழமாட்டான், அழமாட்டான்,
என் கணக்கைக் கெடுக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிப்டு, கடைசிப் பாடம்.
மின்சாரம் போயிற்று.
ஆடு போயிற்று, வரிசை போயிற்று, பெஞ்சும்கூட.
இருபத்தேழு பேரின் மூச்சு மட்டும் மிச்சம்.
விசிலை வாயில் வைத்தேன்;
எதற்கு ஊதுவதென்று தெரியவில்லை.

"அக் சோல்மோக்!" என்றது ஒரு குரல்.
கோடையில், மேய்ச்சல் மலையில், நிலா நேரத்தில் ஆடுவது.
ஒரு வெள்ளைக் குச்சியைத் தொலைவில் வீசுவார்கள்,
இரண்டு கட்சி தேடும்,
கண்டவர் பிடிபடாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.
பாடத்திட்டத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

தொடரோட்டக் கட்டையை எடுத்தேன். அதுதான் வெள்ளை.
"ஓடக்கூடாது" என்றேன்,
என் வாயில் முதல்முறையாக அந்தச் சொல்.
"கையும் முழங்காலும் தரையில்."
வீசினேன்.

தட். தட். பிறகு ஓர் உருளல்.
அப்புறம் ஒரே சரசரப்பு.
தவழும்போது எந்தக் கால் குட்டை?
பதிலை இருட்டு வைத்துக்கொண்டது.

"ஐயோ, அது என் தலை!"
"கத்தாதே, எதிர்க்கட்சி கேட்கும்!"
மாவட்டக் கோப்பை வாங்கிய பெக்சுல்தான்
ஆட்டின் காலைக் கட்டிப்பிடித்து
கிடைத்துவிட்டது என்று கூவினான்.
பெர்மெத், வயிற்றுவலி பெர்மெத்,
யார் எங்கே என்று காதாலேயே வரைபடம் போட்டு
தன் கட்சிக்கு இருமலில் சைகை கொடுத்தாளாம்.
எல்ஸாதா மூலையில் உட்கார்ந்து
கட்டை வந்து சேரும் வீடாக இருந்தாள்,
மெல்லக் கைதட்டிக்கொண்டே.

நான்காவது தடவை
"நீங்களும் தேடுங்க, அகாய்."
ஐம்பத்தோரு வயது முழங்கால் இரண்டையும்
சில்லிட்ட பலகையில் ஊன்றினேன்.
பெஞ்சுக்கடியில் கை விட்டேன்.
கட்டை இல்லை.
பென்சில் துண்டு, காய்ந்த சூயிங்கம்,
பலகையின் அடிப்பக்கம் கீறல்கள்.
விரலால் தடவினேன்: ஐந்தைந்தாகக் கட்டியவை,
கைதி நாளெண்ணுவதுபோல.
யாரோ உட்கார்ந்து தீர்த்த வகுப்புகள்.
நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.

விளக்கு வந்தது.
எல்லோரும் தூசியைத் தட்டிக்கொண்டோம்.

வியாழனன்று உலான் கடிதம் தரவில்லை.
பெர்மெத் கொண்டுவந்தாள்; காட்டிவிட்டுப்
பையிலேயே மடித்து வைத்து,
"இன்னைக்கு என்ன?" என்றாள்.

மூன்று வாரமாக எனக்கும் அதே கேள்வி.
ஒரு நாள் எலும்புக் காய் எறிதல்.
ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பலூன் வாலிபால்.
ஒரு நாள் நடனம். அதில் பெக்சுல்தான் படுமோசம்,
அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.
சிய்மிக் சில நாள் இன்னும் பெஞ்சில்தான்.
"எல்லாமே எனக்குப் பிடிச்சாகணுமா?" என்கிறான்.
நியாயம்தான்.

மதிப்பெண் ஏட்டில் என்ன எழுதுவதென்று
தலைமையாசிரியை கேட்கிறார்.
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று யாரோ
ஆட்டுக்கு வாய் இருக்கவேண்டிய பக்கம்
ஒரு பிடி வைக்கோல் வைத்திருந்தார்கள்.
பெருக்க வந்தவரிடம்
இருக்கட்டும் என்று சொன்னேன்.